ஃபிரேமிங்ஹாம் ஊராரும் இருதய சாஸ்திரமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதியில், பாஸ்டன் மாநகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய இருபது மைல் தூரத்தில், ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டில் அதன் ஜனத்தொகை சுமார் 28,000. காகிதச் சாமான்கள் செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலை, மோட்டார் வண்டிகளைப் பொருத்தும் மற்றொன்று, கடைவீதி, ரயில் நிலையம், மாதா கோயில்கள், அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் சந்ததியார் பலர் என்பதற்கு மேல் அவ்வூரைப் பற்றி அந்நாளில் வெளியூரார் அதிகமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும், இன்று மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, மாலையில் ரிப்போர்ட்டை வாங்கிப் பிரித்து, கொலஸ்டிரால் 200-க்கு மேலே போய்விட்டதே என்று கவலைப்படுகிறார் என்றால், அந்தக் கவலையின் பூர்வ சரித்திரத்தில் பெரும்பகுதி இந்த ஊரில்தான் எழுதப்பட்டது.

1948-ல் அங்கே தொடங்கிய இருதய ஆராய்ச்சியே, ஊரார் தங்கள் தேகத்தை ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொடுத்த முதல் தடவை அன்று. 1917 முதல் 1923 வரையில், க்ஷய ரோகத்தை ஓர் ஊரிலிருந்து அடியோடு களைய முடியுமா என்று பார்ப்பதற்காக, ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொருளுதவியோடு நடந்த பெரிய சோதனைக்கும் ஃபிரேமிங்ஹாமே இடம் கொடுத்தது. வீடு வீடாகச் சென்று பரீட்சை செய்தார்கள். நோய் கண்டவர்களை ஆரம்பத்திலேயே பிரித்துச் சிகிச்சை அளித்தார்கள். சில வருஷங்களில் அந்நோயால் நேரும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. வைத்தியர்கள் வந்து கதவைத் தட்டினால் திறந்துவிடுகிற பழக்கம் அந்த ஊருக்கு இவ்வாறு ஒரு தலைமுறைக்கு முன்பே ஏற்பட்டிருந்தது.

நூற்றாண்டின் நடுப்பகுதி நெருங்கியபோது க்ஷயமும் நிமோனியாவும் பின்னடைந்து, அமெரிக்காவில் மரணத்துக்கு முதற்காரணமாக இருதய நோய் வந்து நின்றது. இதை எதிர்கொள்ள வைத்தியர்களிடம் இருந்த அறிவோ மிகச் சொற்பம். வயது ஏறினால் ரத்தக் குழாய்கள் தடிப்பது இயல்பு என்றார்கள். குறுகிப்போன குழாய்களின் வழியே ரத்தத்தைச் செலுத்துவதற்கு உயர்ந்த அழுத்தம் தேவைதான் என்றார்கள். ஒருவருடைய வயதோடு நூறைக் கூட்டினால் வரும் தொகை அளவுக்கு ரத்த அழுத்தம் இருக்கலாம் என்று ஒரு வாய்பாடே வழக்கத்தில் இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள், தங்கள் பணம் போகிற விஷயம் ஆதலால், உயர்ந்த ரத்த அழுத்தம் உடையவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதைக் கணக்குப் புஸ்தகங்களிலிருந்து முன்னமே அறிந்திருந்தார்கள். வைத்திய உலகம் அந்தக் கணக்குகளுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை என்பது வருந்தத்தக்க உண்மை.

இந்த அறியாமைக்குப் பலியானவர்களில் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச் மாதத்தில் இளம் இருதய வைத்தியரான ஹோவர்டு புரூயன் அவரைப் பரிசோதித்தபோது, ரத்த அழுத்தம் 186/108 என்று இருந்தது; இருதயம் வீங்கியிருந்தது; அதன் வேலைத்திறன் தளரத் தொடங்கிவிட்டது. உப்பைக் குறைப்பது, ஓய்வு எடுப்பது, டிஜிட்டாலிஸ் என்ற மூலிகை மருந்தை அளவோடு கொடுப்பது ஆகியவற்றுக்கு மேல் அந்த வைத்தியரால் ஒன்றும் செய்வதற்கு இயலவில்லை. உலக மகா யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த அந்த மனிதர், அதற்குப் பிறகும் நான்காவது தடவையாகத் தேர்தலில் நின்று வென்று, யால்டா வரையில் பிரயாணம் செய்து திரும்பி, 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி ஜார்ஜியா மாகாணத்தில் தமது ஓய்வு விடுதியில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தார். கடைசி நேரத்தில் அவருடைய ரத்த அழுத்தம் 300/190. அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்றே பொதுமக்களுக்கு அதுவரை சொல்லப்பட்டு வந்தது.

அவருக்குப் பின் ஜனாதிபதியான ட்ரூமன் 1948 ஜூன் 16-ஆம் தேதி தேசிய இருதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டிலேயே ஃபிரேமிங்ஹாமில் இருதய நோயைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிற்று. அவ்வூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. பாஸ்டன் பக்கத்திலேயே இருந்ததால் ஹார்வர்டு சர்வகலாசாலையின் வைத்திய நிபுணர்கள் ஆலோசனை சொல்வதற்கு வசதி. ஊர் மிகப் பெரிதும் அன்று, மிகச் சிறிதும் அன்று. பிழைப்புக்காக வேறிடம் பெயர்பவர்கள் குறைவு. நோயுற்றவர்கள் உள்ளூர் ஆஸ்பத்திரிக்கே போகிறவர்கள். இத்தனைக்கும் மேலாக உள்ளூர் வைத்தியர்களின் சம்மதம் வேண்டியிருந்தது. தங்கள் நோயாளிகளைச் சர்க்கார் வைத்தியர்கள் பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு இயற்கையாகவே இருந்தது. ஆகையால், பரிசோதிப்பது மட்டுமே தங்கள் காரியம் என்றும், சிகிச்சை எதுவும் செய்வதில்லை என்றும், கண்டறிந்ததை அந்தந்தக் குடும்ப வைத்தியருக்கு எழுதித் தெரிவித்துவிடுவது என்றும் வாக்குறுதி கொடுத்து, அதை நேர்மையாகக் காப்பாற்றினார்கள்.

முதல் அதிகாரியான கில்சின் மெடார்ஸ் என்ற இளம் வைத்தியர், ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு குழுக்கள் அமைத்து, அண்டை அயலார் ஒருவரையொருவர் அழைத்துவரும்படி செய்தார். தாமாக முன்வருகிறவர்கள் பெரும்பாலும் உடல்நலத்தில் அக்கறை உடையவர்களாகவே இருப்பார்கள் ஆதலால், அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஊரின் உண்மையான நிலையை அளக்க முடியாது என்று புள்ளிவிவர நிபுணர் ஃபீலிக்ஸ் மூர் பின்னர் எடுத்துக்காட்டினார். அதன் பேரில், ஊரின் ஜனப் பதிவேட்டிலிருந்து குடும்பங்களை ஒழுங்கு முறைப்படி பொறுக்கி எடுத்து அழைப்பு விடுத்தார்கள். அப்படிப் பொறுக்கப்பட்ட 6,507 பேரில் 4,469 பேர் சம்மதித்தார்கள். தாமாக வந்தவர்களில் 740 பேரையும் சேர்க்க, மொத்தம் 5,209 ஆயிற்று. அவர்களில் 2,873 பேர் ஸ்திரீகள். மாரடைப்பு என்பது ஆண்களின் வியாதி என்று எண்ணிவந்த ஒரு காலத்தில், ஸ்திரீகளைச் சரிபாதிக்கு மேலாகச் சேர்த்துக்கொண்ட இந்தத் தீர்மானம் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1949-ல் இப்பணி தேசிய இருதயக் கழகத்தின் கைக்கு மாறி, தாமஸ் டாபர் என்பவர் தலைமை ஏற்றார்; அடுத்த ஆண்டு வில்லியம் கானெல் வந்து சேர்ந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் வந்து எடை பார்த்து, ரத்த அழுத்தம் காட்டி, இருதயத்தின் மின்சார ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு, மார்பை எக்ஸ்ரேயில் காட்டி, ரத்தமும் கொடுத்து, பழக்க வழக்கங்களைப் பற்றிய நீண்ட கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுப் போகவேண்டும். இதில் புதுமை என்னவென்று இன்று நமக்குச் சட்டென்று புலப்படாது. அதுவரையில் இருதய நோயைப் பற்றி வைத்தியர்கள் அறிந்ததெல்லாம், நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தவனிடமிருந்தோ, சவப் பரிசோதனை மேஜையிலிருந்தோ அறிந்தது. விழுந்தவனை மட்டும் பார்க்கிறவனுக்கு, விழாமல் தப்பியவன் எதனால் தப்பினான் என்பது ஒருகாலும் தெரியாது. இங்கேயோ, திடகாத்திரமாக நடமாடுகிறவர்களை முன்கூட்டியே அளந்து எழுதி வைத்துக்கொண்டு, யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று வருஷக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் மட்டுமா? தங்களுக்கு நேரடியான லாபம் ஒன்றும் இல்லாமல், காசு எதையும் எதிர்பாராமல், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற ஃபிரேமிங்ஹாம் ஊராரும் அல்லவா?

அவர்கள் கொடுத்த ரத்தத்தில் தேடப்பட்ட பொருளான கொலஸ்டிரால் அதற்குள் ஒரு நீண்ட சரித்திரத்தைக் கடந்து வந்திருந்தது. பித்தக் கற்களில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டெடுக்கப்பட்டு, 1815 வாக்கில் பிரெஞ்சு ரசாயன அறிஞர் ஷெவ்ரூல் பெயரிட்ட அந்த மெழுகு போன்ற வஸ்து, தடித்துப்போன ரத்தக் குழாய்களின் சுவரில் மிகுதியாகப் படிந்திருப்பதை 1910-ல் ஜெர்மானியரான விண்டாஸ் கண்டுபிடித்தார். 1913-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் நிக்கோலாய் அனிச்கோவ், சுத்தமான கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்து, மனிதனுக்கு வருவதைப் போன்ற படிவுகள் அவற்றின் குழாய்களிலும் உண்டாவதைக் காட்டினார். வெறும் எண்ணெயை மட்டும் தின்ற முயல்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் நாய்க்கும் எலிக்கும் அவ்வாறே கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. முயல் இலை தின்னும் பிராணி, அதற்கு இந்த உணவே இயற்கைக்கு விரோதமானது என்று சொல்லி, அனிச்கோவின் அரிய வேலையைப் பல்லாண்டுகள் ஒதுக்கி வைத்தார்கள். 1950-ஐ ஒட்டி கலிபோர்னியாவில் ஜான் காஃப்மன், மிக வேகமாகச் சுழலும் ஓர் இயந்திரத்தில் ரத்த நீரைச் சுழற்றி, கொலஸ்டிரால் ரத்தத்தில் தனியே மிதப்பதில்லை, புரதத்தோடு சேர்ந்த பலவகைத் துகள்களில் ஏறிப் பிரயாணம் செய்கிறது என்று தெளிவாக்கினார். இத்தனையும் ஆய்வுக்கூடத்து ஞானம். நடமாடும் மனிதர்களிடத்தில் இது எந்த அளவுக்கு உண்மை என்பதற்கு அத்தாட்சி வேண்டியிருந்தது.

1955 செப்டம்பரில் ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. அவருக்குச் சிகிச்சை செய்யச் சென்ற பாஸ்டன் நிபுணர் பால் டட்லி ஒயிட், ஃபிரேமிங்ஹாம் முயற்சிக்கு ஆதரவளித்தவர். ரூஸ்வெல்ட் காலத்து வழக்கத்துக்கு மாறாக, நோய் இன்னதென்று பத்திரிகைக்காரர்கள் மூலம் நாடு முழுவதற்கும் விளக்கிச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957-ல், ஃபிரேமிங்ஹாமின் முதல் பெரிய அறிக்கை வெளிவந்தது. 1961-ல் ஆறு வருஷத்துக் கணக்கு வெளிவந்தது. ரத்த அழுத்தம் உயர்ந்தவர்களுக்கும் கொலஸ்டிரால் உயர்ந்தவர்களுக்கும் இருதய நோய் பன்மடங்கு அதிகமாக வருகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி வெளியாயிற்று. நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் கொலஸ்டிரால் 244 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு, 210-க்குக் கீழே இருந்தவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு நோய் கண்டிருந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். 244 என்பது அந்நாளைய வைத்தியர்களுக்குச் சாதாரண அளவு. ஊரில் பெரும்பாலோருக்கு எவ்வளவு இருக்கிறதோ அதையே ஆரோக்கியமான அளவு என்று வைத்துக்கொள்வது அவர்களுடைய முறை. அப்படிப் பார்த்தால் 250-ஐத் தாண்டியவர்கள்கூட நோயற்றவர்களின் பட்டியலிலேயே இருந்தார்கள். ஊர் முழுவதும் ஒரே குறையோடு வாழ்ந்தால் அந்தக் குறையே லட்சணமாகிவிடும் அல்லவா? வெண்ணெயும் பாலும் முட்டையும் மாட்டிறைச்சியும் செழித்த அமெரிக்காவில் சராசரி மனிதனுடைய ரத்தமே இருதயத்துக்கு ஒவ்வாத நிலையில் இருந்தது என்று எடுத்துரைப்பதற்கு, சராசரி மனிதர்களையே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆராய்ச்சியால்தான் இயன்றது. மேலும், இன்ன எண் வரையில் அபாயம் இல்லை, அதைத் தாண்டினால் அபாயம் என்று கோடு கிழிக்க முடியாதபடி, அளவு ஏற ஏற அபாயமும் படிப்படியாக ஏறுவதையும் அந்தக் கணக்குகள் காட்டின. ஜெரோம் கார்ன்ஃபீல்டு போன்ற கணித நிபுணர்கள், கொலஸ்டிரால், ரத்த அழுத்தம், சிகரெட், வயது என்ற பல காரணங்கள் ஒருவரிடத்தில் கூடும்போது அபாயம் எவ்வாறு பெருகுகிறது என்று கணிக்கும் வழியை இந்த ஊர்க் கணக்கைக் கொண்டே வகுத்தார்கள்.

இன்னொரு கண்டுபிடிப்பு என் உள்ளத்தை மிகவும் கலக்குவது. மாரடைப்பு வந்தவர்களில் கணிசமான பேர் அது வந்ததையே அறியவில்லை, ஈ.சி.ஜி.யில் பழைய தழும்பு தெரிந்த பிறகே தெரிந்தது. வேறு பலருக்கோ இருதய நோயின் முதல் அறிகுறியே திடீர் மரணமாக இருந்தது. வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு எத்தனை முறை அந்தச் சந்தர்ப்பம் கிடைக்காமலே போய்விடுகிறது!

உணவைப் பற்றிய பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1957 முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் என்ன உண்கிறீர்கள் என்று விரிவாகக் கேட்டு எழுதினார்கள். அதிகக் கொழுப்பு உண்பவருக்குக் கொலஸ்டிராலும் அதிகம் என்ற தொடர்பு அந்த ஊருக்குள்ளே தென்படவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு உணவுக்கும் கொலஸ்டிராலுக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதிப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரே மாதிரியான சமையலை உண்ணும் ஓர் ஊருக்குள், ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேற்றுமையைப் பெரிதும் நிர்ணயிப்பது அவரவர் கல்லீரலும் பரம்பரையுமே. நம் உடம்பிலுள்ள கொலஸ்டிராலில் மிகுதியான பாகம் உடம்பே தயாரிப்பது. ஆனால் ஒருவருடைய உணவில் வெண்ணெய், நெய் முதலிய உறையும் கொழுப்புகளைக் குறைத்து, அந்த இடத்தில் உறையாத எண்ணெய்களைச் சேர்த்தால், அவருடைய ரத்தத்தில் கொலஸ்டிரால் இறங்குவதைக் கட்டுப்பாடான சோதனைகள் பலமுறை நிரூபித்திருக்கின்றன. ஓர் ஊரைப் பார்த்துக் கிடைக்கும் விடை வேறு கேள்விக்கு உரியது. அதை இந்தக் கேள்விக்கு எடுத்துக்கொள்வது நியாயம் ஆகாது.

1960-க்குப் பிறகு சிகரெட்டின் தீமையும், தேகப் பயிற்சியின் நன்மையும், பக்கவாதத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள சம்பந்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கிருந்து வெளிவந்தன. இருபது வருஷம் முடிந்ததும், வேண்டியது தெரிந்துவிட்டது, இனிப் பணம் இல்லை என்றது சர்க்கார். அப்போது பதவியிலிருந்து ஓய்வுபெற்றுப் பாஸ்டன் சர்வகலாசாலையில் இருந்த டாபர், பல கம்பெனிகளின் படியேறி நன்கொடை திரட்டி ஆராய்ச்சியைக் காப்பாற்றினார். 1971-ல் அந்தச் சர்வகலாசாலை பொறுப்பில் பங்கேற்க, சர்க்கார் உதவியும் திரும்பிற்று. முதலில் வந்தவர்களின் பிள்ளைகளும் அப்பிள்ளைகளின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 5,124 பேர் சேர்ந்தார்கள். அந்தச் சமயத்தில் விட்டுக்கொடுத்திருந்தால் நாம் எவ்வளவு இழந்திருப்போம் என்பதற்கு 1977-ல் வெளிவந்த ஒரு கட்டுரையே போதும். காஸ்டெல்லி, கார்டன், கானெல் முதலியோர் எழுதிய அக்கட்டுரை, கொலஸ்டிராலைச் சுமக்கும் துகள்களில் ஹெச்.டி.எல். என்ற வகை மிகுந்தவர்களுக்கு இருதய நோய் குறைவாக வருகிறது என்று காட்டிற்று. மொத்த அளவை மட்டும் பார்த்து வந்த வைத்தியர்கள், எல்.டி.எல். என்ற மற்றொரு வகை எவ்வளவு, ஹெச்.டி.எல். எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியது அதன் பின்னரே பெரிதும் பரவிற்று.

அதே காலத்தில் டெக்ஸாஸில் பிரவுன், கோல்டுஸ்டைன் என்ற இருவர், கல்லீரலின் அணுக்கள் எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து இழுத்துக்கொள்ளும் உறுப்புகளைக் கண்டறிந்து, அவை பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இளம் வயதில் மாரடைப்பு வருவதன் காரணத்தை விளக்கினார்கள். 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஜப்பானில் அகிரா என்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, உடம்பு கொலஸ்டிரால் தயாரிப்பதைத் தடுக்கும் பொருளை 1973-ல் பிரித்தெடுத்தார். ஸ்டாட்டின் மருந்துகளுக்கு அதுவே மூலம். இருதய நோய் ஏற்கெனவே கண்ட 4,444 பேரிடம் ஸ்காண்டினேவிய நாடுகளில் நடந்த சோதனை, அம்மருந்தால் மரணமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதை 1994-ல் நிரூபித்த பிறகு, பழைய வாதங்களில் பல ஓய்ந்தன. ஹெச்.டி.எல். விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. அதை மருந்தால் ஏற்றிவிட்டால் நோய் குறையும் என்று நம்பிச் செய்த டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையில் மரணங்கள் கூடியதால் 2006-ல் அதை நிறுத்த நேர்ந்தது. நோய் குறைந்தவர்களிடம் ஒரு பொருள் மிகுந்து காணப்படுவது வேறு, அந்தப் பொருளே நோயைத் தடுப்பது வேறு என்ற படிப்பினைக்கு மனித உயிர்களே விலையாயின.

இன்று நமக்குப் பழகிப்போன எண்கள் 1988-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்றால் முறைப்படி வெளியிடப்பட்டவை. மொத்தக் கொலஸ்டிரால் 200-க்குக் கீழே விரும்பத்தக்கது, 240-உம் அதற்கு மேலும் அதிகம் என்றார்கள். 2001-ல் எல்.டி.எல். 100-க்குக் கீழே இருப்பதே உத்தமம் என்றும், ஹெச்.டி.எல். 40-க்குக் குறைந்தால் குறைவு என்றும் திருத்தினார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலருக்கும் எல்.டி.எல். இதனினும் கீழே, 70-க்கும் கீழே இறங்கவேண்டும் என்பது பின்னர் வந்த கொள்கை. ஆகையால் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையை மட்டும் பார்த்து ஒருவர் திருப்தி அடைவதும், மற்றொருவர் திகில் அடைவதும் சரியல்ல. அறுபது வயதில் சர்க்கரையும் புகைப் பழக்கமும் உள்ளவருக்கு மொத்தக் கொலஸ்டிரால் 190-ம், முப்பது வயதில் வேறு குறையொன்றும் இல்லாதவருக்கு 215-ம் ஒரே பொருளைத் தருவன அல்ல. இந்தச் சேர்க்கைக் கணக்கை வைத்தியர்கள் போடுவதற்கு 1998-ல் ஃபிரேமிங்ஹாமின் பெயராலேயே ஓர் அட்டவணை வெளிவந்து உலகெங்கும் பரவிற்று.

பரவியபோதுதான் அதன் குறையும் தெரிந்தது. முதலில் சேர்ந்த 5,209 பேரில் ஏறக்குறைய எல்லோருமே ஐரோப்பிய வம்சத்தினர். ஊரில் வேற்று இனத்தார் பெருகியதை ஒட்டி 1994-ல் அவர்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். 2002-ல் மூன்றாம் தலைமுறை வந்தது. ஆயினும் நம்மவர்களுடைய உடல்வாகை அந்த அட்டவணை அறியாது. 52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வயது முன்னதாகவே வருகிறது என்பதை வெளிப்படுத்திற்று. நம்மிடையே மொத்தக் கொலஸ்டிரால் அவ்வளவு உயராமலே, ஹெச்.டி.எல். குறைந்தும், டிரைகிளிசரைடு என்ற மற்றொரு கொழுப்பு மிகுந்தும், இடுப்பைச் சுற்றிச் சதை சேர்ந்தும் காணப்படுவது சர்வ சாதாரணம். வெள்ளையர் ஊரில் செய்த அளவுகோலை அப்படியே எடுத்து வந்து நம்மை அளப்பது, நம் இளைஞர்களில் பலரை அபாயம் இல்லாதவர்கள் என்று தவறாக விட்டுவிடுவதில் முடியும்.

இக்குறையை நீக்க வேண்டுமானால், ஃபிரேமிங்ஹாம் செய்ததை நாம் நம் ஊர்களிலேயே செய்யவேண்டும். மருந்துக் கடைகள் பெருகுவதைவிட இது அவசரமான காரியம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அது தொடங்காமலும் இல்லை. 2010-ஆம் ஆண்டில் சென்னை, டில்லி, கராச்சி ஆகிய மூன்று நகரங்களிலும், வீடுகளைப் புள்ளிவிவர முறைப்படி பொறுக்கி எடுத்து, இருபது வயது நிறைந்த ஆண்களும் பெண்களுமாகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் இடுப்பின் சுற்றளவையும் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதன் பிறகும் அவர்களைத் தேடிச் சென்று, யாருக்குச் சர்க்கரை வந்தது, யாருக்கு மாரடைப்பு வந்தது என்று விசாரித்துக் குறித்து வருகிறார்கள்.